வாட்டர் சர்வீஸுக்கு விட்ட சைக்கிள்: கிராவல் ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பழவேற்காடு வரை போய்த் திரும்பிய மூன்று இளைஞர்கள் அதே கடைக்கு வந்தார்கள். மூவரிடமும் புத்தம் புதிய கிராவல் சைக்கிள்கள், அதாவது கப்பி ரோட்டிலும் மண்பாதையிலும் ஓட்டுவதற்கான அகல டயர் சைக்கிள்கள். சக்கரத்தின் நடு வரை சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. "போற வழியில வாட்டர் சர்வீஸ்ல விட்டுட்டுப் போயிடலாம்டா" என்றார் ஒருவர். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, அதை மட்டும் செய்யாதீங்க" என்றேன். "ஏண்ணா, பைக்கெல்லாம் அங்கதானே கழுவுறாங்க?" என்று கேட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டதும் இதே கேள்விதான்.

ஹெல்மெட், விளக்கு, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை.

கல்லைப் போல் காற்றடிப்பது

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் உச்ச வரம்பு. அவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது அதன் பொருளன்று. பஞ்சர் கடையில் "நல்லா டைட்டா அடிங்கண்ணே" என்று சொல்லி வாங்கும் காற்று, சோழவரம் ஏரிப் பக்கத்துக் கப்பி ரோட்டில் உங்கள் மணிக்கட்டைப் பதம் பார்ப்பதோடு, வளைவில் டயரையும் வழுக்கிவிடும். என் எடை 72 கிலோ. 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் முன்னால் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), பின்னால் 34 வைக்கிறேன். உள்ளே டியூப் இருந்தால் இதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளைகள் விழும்.

உப்புச் சேற்றுடன் வாட்டர் சர்வீஸுக்கு விடுவது

இந்தத் தவறைப் பற்றி நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

நாம் ஓட்டும் நிலம் எப்படிப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். எண்ணூர் முகத்துவாரம், காட்டுப்பள்ளி, பழவேற்காடு ஏரிக்கரை ஆகிய எல்லா இடங்களிலும் கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கின்றன. உப்பளக் கரையில் டயரில் ஒட்டும் மண் வெறும் மண்ணன்று, காய்ந்தால் வெள்ளை பூக்கும் உப்பு மண். எண்ணூர்ப் பக்கம் அதோடு சாம்பலும் சேர்ந்துகொள்ளும். அது செயினுக்குள் போனால் உப்புத்தாள் தேய்ப்பதைப் போல ஒவ்வொரு கண்ணியையும் அரித்தெடுக்கும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் பழவேற்காட்டிலிருந்து திரும்பிய நான், வழியிலிருந்த ஒரு கடையில் சைக்கிளை விட்டேன். பைக்குகளுக்கு அடிக்கும் அதே பம்ப், அதே வேகம். ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து ஆகிய இடங்களில் உள்ள பேரிங்குகளை மூடியிருக்கும் ரப்பர் சீல், சாலையில் தெறிக்கும் தண்ணீரைத் தாங்குமே தவிர, ஒரு சாண் தூரத்திலிருந்து பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்காது. சீலின் வெளியில் இருந்த உப்பு, தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. உள்ளே இருந்த கிரீஸ் கரைந்து வெளியே வந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் கடைப் பையன், பாவம், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பைக்குகளுக்குச் செய்வதைப் போலவே துருப்பிடிக்காமல் இருக்க டீசலும் அடித்துவிட்டான். டிஸ்க் பிரேக் தட்டு இரண்டிலும் டீசல் பளபளத்தது. எனக்கோ சைக்கிள் பளிச்சென்று இருந்ததில் பெருமை.

அந்தப் பெருமை அடுத்த மேம்பால இறக்கம் வரைதான் நீடித்தது. பிரேக்கை முழுக்கப் பிடித்தும் வண்டி நிற்காமல், வீல் என்று கத்திக்கொண்டே இறங்கியது. முன்னால் லாரி எதுவும் இல்லாததால்தான் இன்று இதை எழுதுகிறேன். எண்ணெய் ஊறிய பிரேக் பேடுகளைத் தேய்த்தும் பார்த்தேன், சுட்டும் பார்த்தேன், பயனில்லை, தூக்கிப்போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபோது, அரிசியில் கல் அரைபடுவதைப் போல உள்ளங்கையில் ஓர் உறுத்தல் தெரிந்தது. பேரிங்கைக் கழற்றினால், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காவி நிறக் கஞ்சி. இரண்டு மாதம் கழித்து சீட்டை ஒரு விரற்கடை உயர்த்தப் பார்த்தேன். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் அசையவில்லை. எஃகுச் சட்டத்துக்குள் அலுமினியக் குழாய், நடுவில் உப்புத் தண்ணீர்: இரண்டு உலோகங்களுக்கும் இடையில் ஒரு சிறிய மின்கலமே உருவாகி, அலுமினியம் அரித்து, உப்பிப் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் அதை அறுத்துத்தான் எடுத்தார். பேட், பேரிங், சீட் போஸ்ட், கூலி என்று எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. வாட்டர் சர்வீஸுக்குக் கொடுத்தது எண்பது ரூபாய்.

செய்ய வேண்டியது மிக எளிது. வீட்டுக்கு வந்த அன்றே, சேறு காய்வதற்கு முன்பே, இரண்டு வாளி நல்ல தண்ணீரை மக்கில் மொண்டு மேலிருந்து ஊற்றி, பழைய பெயின்ட் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். எங்கள் பகுதியைப் போல உங்கள் வீட்டு போர் தண்ணீரும் உப்பாக இருந்தால், கடைசி வாளியாவது குடிதண்ணீராக இருக்கட்டும். ஈரத்தோடு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்காதீர்கள். வெளியே வடிய வேண்டிய தண்ணீர் சட்டத்துக்குள்ளேயே தேங்கும். துணியால் துடைத்து, செயின் நன்றாக உலர்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மாதம் ஒருமுறை சீட் போஸ்ட்டை முழுதாக உருவி, துடைத்து, கிரீஸ் தடவிச் செருகுங்கள். கார்பன் குழாயாக இருந்தால் கிரீஸ் கூடாது. அதற்கென்று தனிப் பசை விற்கிறது.

பழைய தண்டவாளம் தேடிப் போவது

வெளிநாட்டுக் காணொளிகளில் கைவிடப்பட்ட ரயில் பாதைகளில் மணிக்கணக்காக ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று புதியவர்கள் தேடுகிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பாதை 152 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஆனால் அங்கே தண்டவாளத்தை எடுத்து, மேற்பரப்பைச் சீராக்கி, சைக்கிளுக்கென்றே அமைத்து, 2000-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறந்தார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் அத்தகைய பாதைகளில் ஏற்றம் தெரியாமல் போகலாம்.

இங்கே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு 1837-இல் ஒரு பாதை ஓடியது. நாட்டின் முதல் ரயில் பாதை என்று அதைச் சொல்வார்கள். அது ஏற்றி வந்ததே சாலை போடுவதற்கான கல்தான் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதைத் தேடிப் போனால் இன்று கிடைப்பது போக்குவரத்து நெரிசல் மட்டுமே.

மணலி, அத்திப்பட்டுப் பக்கம் புதருக்குள் தெரியும் துருப்பிடித்த தண்டவாளங்கள் கைவிடப்பட்டவை என்று நானும் ஒரு காலத்தில் நம்பி, ஒன்றின் ஓரமாகவே ஓட்டியிருக்கிறேன். ஒரு கேட் கீப்பர் கையைக் காட்டி நிறுத்தி, "துரு புடிச்சா செத்துப்போச்சுன்னு நெனச்சியா தம்பி? ரேக் வந்தா எங்க ஒதுங்குவ?" என்றார். ரேக் என்று அவர் சொன்னது சரக்கு ரயிலை. ரயில்வே நிலத்தில் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்க, தண்டவாளத்து ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரையுள்ள, கூர் முனையுடன் உடைத்த கருங்கல். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பருக்கு அடியில் கவ்விக்கொண்டு கிடப்பதற்கானது. அதன் மேல் சைக்கிள் உருளாது, புதையும். டயரின் பக்கவாட்டும் கிழியும். லெவல் கிராசிங்கில் மட்டும் கடங்கள், அதுவும் தண்டவாளத்துக்கு நேர் குறுக்காக.

சீமைக் கருவேல முள்

முள் குத்திய துளையை அடைக்க டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் குலுக்கிப் பாருங்கள், தளும்பும் சத்தம் கேட்காவிட்டால் ஊற்றுங்கள்.

மழைக்கு மறுநாள் பொன்னேரி வயல் வரப்பு

வேண்டாம்.

துரத்தும் நாய்

இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

"போகலாம்" என்ற சொல்லை நம்புவது

செயற்கைக்கோள் படத்தில் ஏரிக்கரை கோடு போட்டாற்போல் தெரியும். மதகு உடைந்திருப்பது அதில் தெரியாது. ஆரணி ஆற்றங்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, இந்தக் கரை அந்தப் பக்கம் போகுமா?" என்று கேட்டேன். "தாராளமாப் போலாம்பா" என்றார். மூன்று கிலோமீட்டர் தாண்டி, இடுப்பளவு தண்ணீரில் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு நின்றபோதுதான், அவர் நடந்து போவதைச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. இப்போதெல்லாம், "பால்காரர் வண்டி போகுமா?" என்று கேட்கிறேன்.