ஆறாம் பாகம் நன்றாக இருக்கிறதா? பேய்ப்படத் தொடர்களைப் பற்றி வாதிடும் முறை

பேய்ப்படத் தொடர் ஒன்றின் நான்காவது அல்லது ஆறாவது பாகம் வெளியாகும் வாரத்தில், இரவுக் காட்சி முடிந்து வருபவர்கள் வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்று வாதிடத் தொடங்கிவிடுவார்கள். இராயப்பேட்டையிலும் வடபழனியிலும் குரோம்பேட்டையிலும் அப்படி நின்று பேசிய இரவுகள் எனக்கு நிறைய உண்டு. காவலாளி வந்து கதவைப் பூட்டப் போவதாகச் சொன்ன பிறகே கிளம்பியிருக்கிறோம். ஒருவர் “அருமை” என்பார், இன்னொருவர் “தொடரையே கெடுத்துவிட்டார்கள்” என்பார், அதற்கு மேல் பேச்சு நகராது. அதை நகர்த்துவதற்கு நான் கற்றுக்கொண்ட வழியை, பேய்ப்படங்களை மனதார நேசிப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை படத்துக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டியது. அந்தத் தொடர் நம்மைப் பயமுறுத்துவதற்கு எந்தச் சட்டத்தை வைத்திருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நல்ல தொடருக்கும் அப்படி ஒரு சட்டம் இருக்கும். 2000-இல் தொடங்கிய ‘ஃபைனல் டெஸ்டினேஷன்’ தொடருக்கு அது இவ்வளவுதான்: சாவுக்கு உருவம் கிடையாது, தப்பித்தவரை அது வரிசைப்படி தேடி வரும், நாம் அன்றாடம் தொட்டுப் புழங்கும் பொருளே அதன் ஆயுதம். ராகவா லாரன்ஸ் 2007-இல் ‘முனி’யில் தொடங்கி, 2011, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் ‘காஞ்சனா’ என்ற பெயரில் வளர்த்த தொடருக்குச் சட்டம் வேறு: இருட்டைக் கண்டாலே நடுங்கும் ஒருவன் உடம்பில், அநியாயமாகக் கொல்லப்பட்ட ஓர் ஆவி புகுந்து கணக்குத் தீர்க்கும், அதுவரை நாம் சிரிப்போம், அதன் பிறகு ஆவியின் பக்கம் சேர்ந்துகொள்வோம். இந்தச் சட்டத்தை எழுதாமல் வாதத்தில் இறங்குபவர், ‘காஞ்சனா 3’ஐ ஹாலிவுட் பேய்ப்படமான ‘கான்ஜூரிங்’ கொண்டு அளந்துவிட்டுப் பயமே இல்லை என்று சொல்லுவார். அந்தத் தொடர் அவருக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுக்கவே இல்லை.

சட்டத்தை எழுதிய பிறகு, புதிய பாகம் அதை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அப்படியே திரும்பச் சொல்லியிருக்கலாம், நீட்டியிருக்கலாம், உடைத்திருக்கலாம். இந்த மூன்றில் எது நடந்தது என்பதில் எதிரே நிற்பவருடன் முதலில் உடன்பாட்டுக்கு வாருங்கள். நல்லதா கெட்டதா என்பது அதற்கு அடுத்த பேச்சு.

நீட்டியதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2025-இல் வந்த ‘ஃபைனல் டெஸ்டினேஷன்: பிளட்லைன்ஸ்’. ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து ஆறாம் பாகம். சாவு இப்போதும் உருவமற்றதுதான், பொருள்கள் இப்போதும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டுதான் வருகின்றன. ஆனால் இந்தப் பாகம் புதிதாக ஒரு கேள்வியைக் கேட்டது: அன்றைக்கே செத்திருக்க வேண்டிய ஒருத்தி பிழைத்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டால், பிறந்திருக்கவே கூடாத அந்தக் குடும்பத்தின் கதி என்ன? வரிசை என்பது விபத்தில் உட்கார்ந்திருந்த இருக்கைகளின் வரிசையாக இல்லாமல், ஒரு வம்சாவளியாக மாறிவிடுகிறது. மூத்தவர் யார், இளையவர் யார் என்று நாமே மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்குகிறோம். பழைய சட்டத்திலிருந்து புதிய பயம் பிறந்தது என்று இதைத்தான் சொல்லுவேன். இந்தத் தொடரின் பழைய பாகங்களிலும் நடித்த டோனி டாட் 2024 நவம்பரில் மறைந்தார். இந்தத் தொடரில் அவருடைய கடைசிக் காட்சி இந்தப் படத்தில்தான் இருக்கிறது. அந்தக் காட்சியில் நான் கலங்கினேன். எனினும் அந்தக் கலக்கத்தைப் படத்தின் மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது என்று எனக்கு நானே விதித்திருக்கிறேன், ஏனெனில் அது தொடரின் மீது நமக்குள்ள பற்றின் கூலியே தவிர இந்தப் பாகத்தின் உழைப்பு அன்று.

உடைத்ததற்குச் சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் உண்டு. 2005-இல் வந்து, அண்ணா சாலையில் இன்று இல்லாமல் போன சாந்தி திரையரங்கில் 890 நாள் ஓடிய ‘சந்திரமுகி’யின் சட்டம், பேய் என்று நாம் நினைப்பது ஒரு பெண்ணின் மனத்துக்குள் நடக்கும் நோய் என்பதும், அதைக் கண்டுபிடிப்பவர் ஒரு மனநல மருத்துவர் என்பதும்தான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அதே பி. வாசு இயக்கத்தில் வந்த இரண்டாம் பாகத்தில் ஆவி உண்மையாகவே வந்துவிட்டது. படம் பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் நடிகர் மாறியதைக் குறை சொன்னார்கள், பாடல்களைக் குறை சொன்னார்கள். என்னைக் கேட்டால், வேரில் விழுந்த வெட்டு அந்தச் சட்டத்தில் விழுந்த வெட்டுதான். ஆவி மெய்யானதும் முதல் படத்தின் கங்காவுக்காக நாம் பட்ட இரக்கம்கூடச் சற்று ஆட்டம் காண்கிறது. இப்படி எடுத்துச் சொன்னால் படத்தை விரும்பியவரும் யோசிப்பார். “மொக்கை” என்ற ஒற்றைச் சொல் யாரையும் யோசிக்க வைக்காது.

சட்டத்தை உடைப்பது எப்போதும் தவறு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பெரியப்பா மகனும் நானும் மூன்று ஆண்டுகளாகத் தீராமல் வாதிட்டு வரும் படம் 2022-இல் வந்த ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’. 1978-இல் ஜான் கார்பென்டர் ஏறத்தாழ 3 லட்சம் டாலர் செலவில் எடுத்த முதல் படத்தின் சட்டம், காரணம் சொல்லாத ஒரு தீமை முகமூடி அணிந்து நம் தெருவுக்குள் நடந்து வரும் என்பது. 2018-இல் டேவிட் கார்டன் கிரீன் இடையில் வந்த பாகங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முதல் படத்திலிருந்து நேராகக் கதையைத் தொடர்ந்தார். அவருடைய மூன்றாம் படமான ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’, முதல் படத்தில் உயிர் தப்பிய லோரிக்கும் முகமூடிக் கொலைகாரன் மைக்கேலுக்குமான இறுதி மோதல் என்றே விளம்பரம் செய்யப்பட்டது. படத்திலோ பெரும் பகுதி கோரி என்ற இளைஞனைப் பற்றியது. ஒரு விபத்தில் சிறுவன் இறந்ததற்காக ஊரே அவனைக் கொலைகாரனாகப் பார்க்கிறது, பார்த்துப் பார்த்தே அவனை அப்படி ஆக்கியும் விடுகிறது. மைக்கேல் திரையில் இருக்கும் நேரம் மிகவும் குறைவு.

“மைக்கேலைக் காட்டாத படத்துக்கு மைக்கேல் பெயரில் டிக்கெட் விற்பது ஏமாற்று இல்லையா, அண்ணா?” என்று கேட்டான் பெரியப்பா மகன்.

“ஏமாற்றுதான், தம்பி. ஆனால் அது விளம்பரத்தின் ஏமாற்று, படத்தின் ஏமாற்று இல்லை,” என்றேன்.

அன்று நான் சொன்ன விடை பாதிதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். தீமைக்குக் காரணம் இல்லை என்ற சட்டத்தை இந்தப் படம் உடைத்து, ஓர் ஊர் தன் பயத்தாலேயே தீமையை வளர்க்கும் என்று சொன்னது. அது துணிச்சலான, எண்ணிப் பார்க்கத் தகுந்த உடைப்பு. ஆனால் கடைசி அரை மணி நேரத்தில் கோரியை ஓரமாகத் தள்ளிவிட்டு, விளம்பரம் சொன்ன மோதலை நடத்திக்கொடுத்துவிட்டுப் பழைய சட்டத்துக்கே திரும்பிக்கொண்டது. உடைத்ததில் உறுதியாக நின்றிருந்தால் நான் முழு மனதோடு பக்கம் நின்றிருப்பேன். தம்பியின் கோபமும் என் பாராட்டும் ஒரே படத்தின் இரண்டு வேறு பகுதிகளைப் பற்றியவை என்பது, சட்டத்தை எழுதி வைத்துப் பேசியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முந்தைய பாகங்கள் அனைத்தையும் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் படத்தையும், புதிய பாகம் எந்தப் படத்திலிருந்து தொடர்கிறதோ அதையும் பார்த்தால் போதும். அது எது என்பதை மட்டும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் எண் வரிசையும் கதை வரிசையும் ஒன்றாக இருப்பதில்லை. 2023-இல் வந்த ‘சா எக்ஸ்’, ‘சா’ (Saw) தொடரின் பத்தாம் பாகம் என்றாலும், கதை முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் இடையில் நடக்கிறது. மூன்றாம் பாகத்தில் இறந்துபோன வில்லன் ஜான் கிரேமர் அதனால்தான் அதில் உயிரோடு இருக்கிறார். இது தெரியாமல் ஒருவர் “செத்தவர் எப்படி வந்தார்” என்று தொடங்கினால் வாதம் அங்கேயே வீணாகும்.

படத்தை எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் வாதத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இதை நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நம் படங்கள் இடைவேளையை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. ‘அரண்மனை’ போன்ற தொடரில் இடைவேளைக்கு முந்தைய பத்து நிமிடம் தனி உழைப்போடு கட்டப்படும். ஹாலிவுட் படத்தை எடுத்தவருக்கு அப்படி ஓர் இடைவேளை இருப்பதே நினைவில் இருக்காது. ஐம்பது நிமிடமாக மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டு வந்த அச்சத்தின் நடுவே விளக்கு எரிந்து, பாப்கார்ன் வரிசையில் நின்று, விளம்பரங்கள் ஓடி முடிந்து மறுபடி உட்காரும்போது அந்த இறுக்கம் போய்விடுகிறது. “இரண்டாம் பாதி தொய்வு” என்று நாம் சொல்லும் குறைகளில் ஒரு பங்கு இந்த இடைவேளையின் குறையே. தமிழ் டப்பிங்கில் பார்த்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். குரல் நன்றாக அமைந்தால் படம் நெருக்கமாகும், மெல்லிய முணுமுணுப்பை உரக்கப் பேசவைத்தால் ஒரு காட்சியே செத்துவிடும். முதல் நாள் கூட்டத்தின் விசிலும் சிரிப்பும் ‘காஞ்சனா’வை உயர்த்தும், அமைதியையே ஆயுதமாகக் கொண்ட படத்தை அவை கொன்றுவிடும். அமைதியான படம் என்று தெரிந்தால் வார நாளின் காலைக் காட்சிக்குப் போங்கள்.

பணத்துக்காக எடுத்தார்கள் என்ற வாதத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதல் பாகமும் பணத்துக்காகத்தான் எடுக்கப்பட்டது.

வாதம் சூடேறும்போது ஒரு காட்சியைச் சுட்டச் சொல்லுங்கள். 1990-இல் வந்த ‘எக்ஸார்சிஸ்ட் III’இல் மருத்துவமனையின் நீண்ட நடைபாதையை ஒரே இடத்தில் நின்று கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், செவிலி வருவாள், போவாள், ஒன்றும் நடக்காது, நம் காவல் தளரும் அந்தக் கணத்தில் நடக்கும். அந்தப் படத்தைப் பிடிக்காதவர்களும் இந்தக் காட்சியை ஒப்புக்கொள்வார்கள். படத்தை விரும்புபவர்களோ, தயாரிப்பு நிறுவனத்தின் வற்புறுத்தலால் பின்னர் சேர்க்கப்பட்ட பேயோட்டும் முடிவு ஒட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள். இரண்டு தரப்பும் காட்சியின் மேல் கை வைத்துப் பேசினால் பொது நிலம் கிடைக்கும். 2015-இல் வந்த ‘டிமான்டி காலனி’யையும் 2024-இல் அஜய் ஞானமுத்துவே எடுத்த இரண்டாம் பாகத்தையும் ஒப்பிடும்போது நான் இதைத்தான் செய்கிறேன்: முதல் படத்தில் நான்கு பேர் ஓர் அறைக்குள் அகப்பட்டுக்கொண்ட காட்சிகளையும், இரண்டாம் படத்தில் கதை பல இடங்களுக்கு விரியும் காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுவேன். ஆழ்வார்ப்பேட்டையில் உண்மையாகவே இருக்கும் அந்தத் தெருவைக் கடந்து போனவர்களுக்கு முதல் படத்தின் நெருக்கம் இன்னும் கூடுதலாகத் தைக்கும், அதனால் நான் முதல் படத்தின் பக்கம். விரிவை விரும்புபவர் எந்தக் காட்சிக்காக விரும்புகிறார் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

தீர்ப்பை அன்றைய தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அதன் பக்கத்தில் வெற்றிடம் விடுங்கள். 1982-இல் மைக்கேல் இல்லாமல் வந்த ‘ஹாலோவீன் III’ஐ ரசிகர்கள் வெறுத்தார்கள், ஆண்டுதோறும் புதுக்கதை சொல்ல நினைத்த திட்டமே அதோடு கைவிடப்பட்டு, 1988-இல் நான்காம் பாகத்தில் மைக்கேலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று அதே மூன்றாம் பாகத்தைக் கொண்டாடுபவர்கள் ஏராளம். படத்தின் ஒரு காட்சிகூட மாறவில்லை. என் நோட்டில் ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’க்கு எதிரே மூன்று தேதிகளில் மூன்று தீர்ப்புகள் இருக்கின்றன, தம்பியின் கையெழுத்தில் நான்காவது ஒன்றும் இருக்கிறது, அது என்னுடைய இரண்டாவது தீர்ப்போடு ஒத்துப்போகிறது.