விக்டோரியா காலக் குதிரைப்படை அதிகாரியைக் கதையில் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

சரித்திரக் கதைகளின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலை. பிரபு வீட்டுக் குதிரைப்படை அதிகாரி என்றால் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஒரு தனி மயக்கம். அவர்கள் செய்கிற தவறுகள் எல்லாம் எனக்குப் பழக்கமானவைதான். பெயர், தேதிப் பிழைகளை விடுங்கள், யாராவது திருத்திவிடுவார்கள்.

வீரத்துக்குக் கிடைத்த கர்னல் பதவி

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நாயகன் ஏழை. போரில் படைக்கொடியைக் காப்பாற்றுகிறான். கடைசி அத்தியாயத்தில் கர்னல். கதை 1871க்கு முன் நடந்தால் மொத்தமும் சரிந்துவிடும். அதுவரை காலாட்படையிலும் குதிரைப்படையிலும் லெப்டினன்ட் கர்னல் வரை பதவியைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். சாதாரணக் குதிரைப்படையில் கேப்டன் பதவிக்கு அரசு வைத்த விலை 3,225 பவுண்டு, லெப்டினன்ட் கர்னலுக்கு 6,175. உள்ளுக்குள் கைமாறியது அதைவிட எவ்வளவோ அதிகம். 1836இல் கார்டிகன் பிரபு 11ஆவது லைட் டிராகூன் என்ற இலகு குதிரைப்படைப் பிரிவின் தலைமைக்கு 40,000 பவுண்டு கொடுத்தார் என்று பேச்சு. இத்தனைக்கும் 1834இல்தான் வேறொரு படைப்பிரிவிலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள்.

“அப்போ இது லஞ்சம்தானே சார்?” என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. அரசு விலை சட்டப்படியானது. அதற்கு மேல் கொடுத்ததுதான் சட்டவிரோதம், அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. பதவி என்பது சொத்து. ஓய்வு பெறும்போது விற்றுக் காசாக்கலாம். ராணுவ நீதிமன்றம் பதவியைப் பறித்தால் போட்ட பணமும் போச்சு. போரில் செத்தாலும் பொதுவாக அதே கதி. காலியான இடம் பணிமூப்புப்படி அடுத்தவருக்கு இலவசமாகப் போகும். அதாவது காசில்லாத நாயகன் மேலே ஏற, கூட இருக்கும் நண்பன் சாக வேண்டும். இவ்வளவு நல்ல முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவானேன்?

ஏழை நாயகன்தான் வேண்டுமென்றால் பீரங்கிப்படைக்கு மாற்றுங்கள். அங்கே விலைக்கு வாங்கும் வழக்கம் இல்லை. ஆனால் மூப்புக்காக நரைக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

1871க்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று நினைப்பது

விலை போனது, செலவு போகவில்லை. குதிரை, சீருடை, மெஸ் (அதிகாரிகளின் சாப்பாட்டுக்கூடம்) பில், போலோ எல்லாம் கைக்காசு. 1896இல் 4ஆவது ஹுஸார் குதிரைப்படையோடு பெங்களூர் வந்த சர்ச்சில், டியூக்கின் பேரன், சம்பளம் போதாமல் அம்மா அனுப்பும் பணத்தை நம்பியிருந்தார்.

பாலக்ளாவாவில் அறுநூறு பேர்

1854இல் கிரிமியப் போரில், கார்டிகன் தலைமையில் இலகு குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த இடம் அது. அறுநூறு என்பது டென்னிசனின் கவிதைக் கணக்கு. சுமார் 670.

கூடாரத்தில் படையோடு படுத்துறங்கும் பிரபு

அதே போரில் கார்டிகன் தன் சொந்த உல்லாசப் படகில் தூங்கினார்.

மோதல் என்றால் வாள்தான் என்று நினைப்பது

மெஸ் மேசை போதும். 1840இல் கார்டிகனின் படைப்பிரிவு மெஸ்ஸில் விருந்தாளி ஒருவர் மோசல் என்ற வெள்ளை ஒயின் கேட்டார். கேப்டன் ரெனால்ட்ஸ் வரவழைத்தார். அது கறுப்புப் பாட்டிலோடு மேசைக்கு வந்தது. கார்டிகன் அதை மட்டமான பீர் என்று நினைத்துவிட்டார். ஏற்கெனவே இந்தியாவில் பணி செய்து திரும்பிய அதிகாரிகள் என்றால் அவருக்கு இளக்காரம், ரெனால்ட்ஸ் அவர்களில் ஒருவர். தகராறு முற்றி ரெனால்ட்ஸைக் காவலில் வைத்தார்கள். செய்தி பத்திரிகை வரை போனது. அப்புறம் கார்டிகன் நாடகம் பார்க்கப் போனால் “கறுப்புப் பாட்டில்!” என்று கூச்சல்.