சேஃப்டி வால்வ எப்படி செக் பண்றது: சிங்கப்பூர் துவாஸ்ல புதுசா சேந்த தம்பிங்களுக்கு

ஏர் ரிசீவரோ (அழுத்தின காத்த சேத்து வைக்கற டேங்க்) ஸ்டீம் பாய்லரோ, மேல ஒரு சேஃப்டி வால்வ் சும்மா உக்காந்திருக்கும், வருஷக்கணக்கா ஒண்ணுமே செய்யாது. ரெகுலேட்டர், பிரஷர் ஸ்விட்ச், நாம எல்லாரும் கோட்ட விட்டப்பறம் டேங்க் வெடிக்காம காப்பாத்தறது அது ஒண்ணுதான், அதுக்கு கரன்ட்டும் வேணாம் ஆளும் வேணாம்.

உள்ள ஒரு ஸ்பிரிங், டிஸ்க்க (மூடி) சீட்டு மேல (மூடி உக்கார்ற எடம்) அழுத்திப் புடிச்சிருக்கு, கீழேருந்து காத்து தள்ளுது. டேங்க் 10 பார் தாங்கும்னா, ஒரே வால்வ் இருந்தா, செட் பிரஷர், அதாவது வால்வ் தொறக்கற பிரஷர், 10க்கு மேல போகக்கூடாது. 10 தொட்டதும் டிஸ்க் லேசா தூக்கும், தூக்குனதும் காத்து படற பரப்பு பெருசாயிடும், அதனால பட்டுன்னு தொறந்துக்கும், இதத்தான் பாப் ஆகுதுன்னு சொல்றது. மூடறப்ப 10லயே மூடாது, 9.3 மாதிரி எறங்கினப்பறம்தான். ஊதிக்கிட்டிருக்கப்ப டேங்க்ல 11 பார் வரைக்கும் ஏறலாம், ஏர் ரிசீவருக்கு ஏஎஸ்எம்இங்கற அமெரிக்க இன்ஜினியர் சங்கத்தோட கோடு அந்த 10 சதவீதத்த விடுது.

இப்ப செக்கிங். மொதல்ல டேங்க், வால்வ் ரெண்டோட நேம்பிளேட்டையும் ஒப்பிடுங்க, திரெட் ஒண்ணா இருக்குன்னு வேற செட் பிரஷர் வால்வ மாட்டி வைக்கற ஆளுங்க உண்டு. அடுத்து, செட் பிரஷர மாத்தற ஸ்குரூவ யாரும் தொடாம இருக்கக் கட்டியிருக்கற சீல் வயர் அறுபடாம இருக்கான்னு பாருங்க. நான் சேந்த புதுசுல ஒரு எடத்துல வால்வ் பாஸ் ஆகுதுன்னு (மூடியிருக்கப்பவே கசியுதுன்னு) ஒருத்தரு சீல வெட்டி ஸ்குரூவ ரெண்டு ரவுண்டு இறுக்கிட்டாரு, சத்தம் நின்னுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், செட் எத்தனை பாருக்குப் போச்சுன்னு மட்டும் ஒருத்தருக்கும் தெரியல. பாஸ் ஆனா பெரும்பாலும் சீட்டுல அழுக்கு, இல்ல ஓட்டற பிரஷர் செட்டுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. பிரஷரக் கொறச்சுப் பாருங்க, நிக்கலன்னா வொர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்க, ஸ்பேனர் பக்கமே கை போகக்கூடாது.

இன்லெட் பைப் குட்டையா, வால்வ் வாயளவுக்காவது இருக்கணும். நீளமா ஒடுக்கமா இருந்தா காத்து ஓடறப்ப வழியிலயே பிரஷர் விழுந்து வால்வ் மூடும், மூடினதும் ஏறித் தொறக்கும், இப்படி படபடன்னு அடிச்சே சீட்டு நாசம். அந்த இழப்பு செட்டுல 3 சதவீதம் தாண்டக்கூடாதுங்கறது வழக்கமான கணக்கு. பெரிய வால்வா போட்டா நல்லதுதானேன்னு கேப்பாங்க, தேவைக்கு மேல பெருசா இருந்தாலும் இதே கூத்துதான்.

அவுட்லெட்தான் யாருமே பாக்காத எடம். நம்ம ஊரு மழைக்கு மேல பாத்த பைப்புல தண்ணி நின்னு டிஸ்க் மேல பாரம் ஏறும், துரு புடிக்கும், அதுக்குத்தான் அடியில டிரெயின் ஓட்டை, அது அடைக்காம இருக்கான்னு கம்பி விட்டுப் பாருங்க. மைனா கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. பெல்லோஸ் (அவுட்லெட் பக்க பிரஷர் டிஸ்க்க பாதிக்காம தடுக்கற மடிப்புக் குழாய்) வச்ச வால்வா இருந்தா பானட்ல, அதாவது ஸ்பிரிங்க மூடியிருக்கற மேல் கூட்டுல, ஒரு தொறந்த ஓட்டை இருக்கும், பிளக் மறந்துட்டாங்கன்னு நெனச்சு அடைச்சிடாதீங்க, அடைச்சா பெல்லோஸ் இருந்தும் பிரயோஜனமில்ல.

லீவர் இழுத்துப் பாக்கணும்னா பெர்மிட் வாங்கி, காதுக்கு மஃப் போட்டு, அவுட்லெட் நேர நிக்காம இழுங்க, டேங்க்ல செட் பிரஷர்ல 75 சதவீதமாவது இருக்கணும், இல்லன்னா சீட்டு கெடும். ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு (தண்ணி நெரப்பி பிரஷர் ஏத்திப் பாக்கற டெஸ்ட்) வால்வ் தொறக்காம இருக்க கேக் (gag, அழுத்திப் புடிக்கற கிளாம்ப்) போட்டு புடிச்சிருந்தா, ஆத்தரைஸ்டு எக்ஸாமினர் (டேங்க சோதிக்க அங்கீகாரம் உள்ளவர்) கெளம்பறதுக்கு முன்னாடியே அந்தக் கேக்க கழட்டி கையில வச்சுக் காட்டுங்க.