ஏஜென்சி அனுப்பிய ஆள் யாருடைய ஊழியர்? வீட்டுப் பராமரிப்பில் நடக்கும் தவறுகள்

ஏஜென்சி மூலம் வயதானவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் "இவர் சுயதொழில் செய்பவர், ஊழியர் அல்ல" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்ததும் சரி, விஷயம் முடிந்தது என்று குடும்பமும் நினைக்கிறது, வேலைக்கு வருபவரும் நினைக்கிறார். முதல் தவறு இதுதான். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதைவிட வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. பல நாடுகளின் நீதிமன்றங்களும் இப்படித்தான் பார்க்கின்றன. எட்டு மணிக்கு வா என்று நேரம் குறிப்பது ஏஜென்சி, மணிக்கு இவ்வளவு என்று கூலி வைப்பதும் ஏஜென்சி, உடம்பு சரியில்லாத நாளில் தனக்குப் பதிலாக வேலைக்கு வருபவரே ஒரு ஆளை அனுப்பவும் முடியாது, கூலியைக் கூட்டிக்கேட்டுக் குடும்பத்தோடு பேசவும் முடியாது என்றால், அவர் எந்த வகையில் சொந்தத் தொழில் செய்கிறார்?

அடுத்தது, எல்லா ஏஜென்சியும் ஒன்று என்று எண்ணுவது. சில ஏஜென்சிகள் தங்கள் ஊழியரையே அனுப்பும், சம்பளமும் அவையே கொடுக்கும். வேறு சில ஏஜென்சிகள் ஆளை அறிமுகம் செய்துவிட்டுக் கமிஷனோடு ஒதுங்கிக்கொள்ளும். இந்த இரண்டாவது வகையில் முதலாளி நீங்களாகவே இருக்கக்கூடும், வரி, காப்பீடு எல்லாம் உங்கள் தலையில் விழும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கமிஷனைப் பணியாளர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று வீட்டுப் பணியாளர்களுக்கான 2011ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை, எண் 189, சொல்கிறது.

இரவு நேரக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, படுக்கைப்புண் வராமல் இருக்க வயதானவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, நனைந்த விரிப்பை உருவி மாற்றி, நாலு மணிக்குத் திரும்பவும் அதையே செய்தவரைப் பற்றி "ராத்திரி தூங்கத்தானே செய்தார்" என்று கணக்கெழுதுவது பெரிய அநியாயம். கூப்பிட்டால் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கருத வேண்டும் என்கிறது அதே உடன்படிக்கை. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வையும் அது கேட்கிறது.

ஊழியர்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகும் "துணைக்கு இருப்பவர்" என்ற ஒரு சொல் கூலியைத் தின்றுவிடும். அமெரிக்காவில் 1974இல் வந்த சட்டத் திருத்தம் துணைக்கு இருப்பவர்களை ஓவர்டைம் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. நியூயார்க்கில் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்த எவலின் கோக் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார். ஏஜென்சி அனுப்பும் ஆட்களுக்கும் அந்த விலக்கு பொருந்தும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் அவர் இறந்துபோனார். ஏஜென்சிகள் அந்த விலக்கைப் பயன்படுத்த முடியாதபடி 2013இல் விதி மாற்றப்பட்டு, 2015இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்த வேலை செய்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிடித்தம் இல்லாமல் முழுப் பணமும் கைக்கு வருகிறதே என்று சுயதொழில் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கனமான உடம்பைத் தூக்கி உட்கார வைக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டால் அந்த மாதச் சம்பளமும் மருத்துவச் செலவும் யார் பொறுப்பு என்பதை அந்தத் தாளே தீர்மானித்துவிட்டது போல ஏஜென்சி பேசும். அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்த நேரம், போன நேரம், ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது, யார் என்ன வேலை செய்யச் சொன்னார்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். ஏஜென்சி அனுப்பும் மெசேஜ்களையும் அழிக்காதீர்கள், நேரத்தையும் வேலையையும் யார் முடிவு செய்தார்கள் என்பதை அவை காட்டும்.