இந்தியா, இலங்கை: மீன்பிடிப் படகுக் கணக்கு சறுக்கும் இடங்கள்

பாக் நீரிணைச் சிக்கல் செய்தியாகும்போதெல்லாம் ஓர் அட்டவணை சுற்றுக்கு வரும்: இந்தியாவிடம் இத்தனை லட்சம் படகு, இலங்கையிடம் இத்தனை ஆயிரம். அதைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் மொத்த எண்ணிக்கையிலேயே வழுக்கி விழுகிறார்கள்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 2005 கணக்கெடுப்பில் இந்தியாவில் 2,38,772 கலங்கள். 2010-ல் 1,94,490. ஐந்தே ஆண்டில் 18 சதவீதத்துக்கு மேல் சரிவு. தொழிலே சுருங்கிவிட்டதுபோல் தோன்றும். பிரித்துப் பார்த்தால் கதை தலைகீழ். விசைப்படகுகள் 58,911-லிருந்து 72,559 ஆக ஏறியிருக்கின்றன. இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுகள் 75,591-லிருந்து 71,313-க்கு லேசாக இறங்கின. பாதிக்கு மேல் காணாமல் போனவை இயந்திரமே இல்லாத கலங்கள்: 1,04,270-லிருந்து 50,618. ஒரு கட்டுமரமும் ஒரு இழுவைமடிப் படகும் கணக்கில் ஆளுக்கு ஒன்றுதான் என்பதால் வரும் மயக்கம் இது. ஆகவே மொத்தத்தை மட்டும் வரைபடமாக்காதீர்கள். வகைவாரியாகப் போடுங்கள், கிடைத்தால் நீளம், குதிரைத்திறன் இரண்டையும் சேருங்கள்.

இதே அறிக்கைகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. மீனவர்களுக்குச் சொந்தமான கலங்கள் ஓர் அட்டவணை, தொழிலில் இருக்கும் கலங்கள் வேறோர் அட்டவணை. ஓர் ஆண்டுக்கு முதலாவதையும் அடுத்த ஆண்டுக்கு இரண்டாவதையும் எடுத்தால் இல்லாத வளர்ச்சி முளைக்கும். மேலே உள்ளவை தொழிலில் இருக்கும் கலங்கள்.

வகைப்பெயர்களும் நேருக்கு நேர் பொருந்தாது. இந்தியக் கணக்கில், இயந்திரம் படகை ஓட்டுவதோடு வலை இழுக்கவும் பயன்பட்டால்தான் விசைப்படகு. ஓட்ட மட்டும் என்றால் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு. இலங்கை வேறு கோலால் அளக்கிறது: இயந்திரம் உள்ளேயா வெளியேயா, கடலில் ஒரு நாளா பல நாளா. பலநாள் படகு, உள்ளிணைப்பு இயந்திர ஒருநாள் படகு, வெளியிணைப்பு இயந்திரக் கண்ணாடியிழைப் படகு, இயந்திரம் பூட்டிய மரபுவழிப் படகு, பூட்டாதது, கரைவலைத் தோணி என்று போகும். 'இயந்திரம் உள்ளவை' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் கண்ணாடியிழைப் படகு ராமேஸ்வரம் விசைப்படகுக்குச் சமமாகிவிடும். அதன் உண்மையான இணை நம் ஃபைபர் படகுதான்.

அடிப்படை ஆண்டைத் தேர்வதில் கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கைப் படகுகளில் பெரும்பகுதியை அழித்தது, அல்லது சேதப்படுத்தியது. 2005-ஐத் தொடக்கமாக வைத்தால் நிவாரணப் படகுகள் வந்ததெல்லாம் 'அபார வளர்ச்சி' ஆகிவிடும். இலங்கைக்கு 2004-க்கு முந்தைய எண்ணும் வேண்டும். வடக்கில் போர்க்காலக் கடல் தடைகள் 2009 வரை இருந்தன. அங்கே அதற்குப் பிந்தைய ஏற்றத்தில் ஒரு பங்கு பழைய நிலைக்குத் திரும்பியதே. இந்தியாவிலோ 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் படகுப் பதிவு இறுகியது. பதிவேட்டில் கூடிய எண் முழுவதும் புதிதாகக் கட்டிய படகு அல்ல.

எந்தப் பகுதிப் படகுகளை எண்ணுகிறோம் என்பதும் சரியாக இருக்க வேண்டும். குஜராத் விசைப்படகுக்கும் பாக் நீரிணைக்கும் என்ன சம்பந்தம்? பேருவளை, தங்காலையிலிருந்து வாரக்கணக்கில் சூரை தேடிப் போகும் பலநாள் படகும் அந்தக் கடலில் தொழில் செய்வதில்லை. நீரிணையைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கம் ராமநாதபுரம் முதல் நாகப்பட்டினம் வரையிலான மாவட்டங்கள், அந்தப் பக்கம் மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று மாவட்ட எண்களையே எடுங்கள்.

கடைசியாக, படகு வேறு, தொழில் நாள் வேறு. ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்கு வாரம் மூன்று நாள்தான் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீதி 304 நாளில் வாரத்துக்கு மூன்று என்றால், புயல், வேலைநிறுத்தம் கழிக்காமலே ஆண்டுக்குச் சுமார் 130 நாள். படகு எண்ணிக்கையை 365-ஆல் பெருக்கினால் உழைப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காக ஊதிப்போகும்.