குடியை விட்டவர்களுக்கு: கடைசி காபி மதியம் 2 மணிக்குள்

குடியை நிறுத்தியவர்கள் அன்றைய கடைசி காபியை மதியம் 2 மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் கை கோப்பையைத் தேடினால், அதே கோப்பையில் அதே சூட்டில் காஃபின் நீக்கிய காபி. பாதிப் பழக்கம் கையில் சூடாக ஏதாவது இருப்பதுதான், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

உடலில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்தது இரவு 11 மணிக்கும் பாதி மிச்சமிருக்கும். குடியை விட்ட முதல் சில மாதங்கள் தூக்கமே அரைகுறை. சரியாகத் தூங்காத மறுநாள்தான் ‘ஒரே ஒரு பெக்’ நினைப்பு தலைதூக்கும். போதாக்குறைக்கு, காபியால் வரும் படபடப்பையே குடி ஆசை என்று மனசு எடுத்துக்கொள்வதும் உண்டு.

சிகரெட்டையும் சேர்த்து விட்டிருந்தாலோ, குடியை விடுவதற்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை எடுத்தாலோ காஃபின் முன்பைவிட மெதுவாகத்தான் வெளியேறும். காலை காபியோடு நிறுத்துங்கள். இரவு ஷிப்டுக்காரர்களுக்கு 2 மணிக் கணக்கு சரிவராது. படுக்கும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பு என்று வைத்துக்கொள்ளலாம். குடியை விட்ட முதல் நாட்களில் கைநடுக்கம், கொட்டும் வியர்வை, குழப்பம், வலிப்பு என்றால் இது காபி விஷயமே இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.