மலையில் மழை பிடித்தால் வான் வண்டியை எங்கே நிறுத்துவது?

திருகோணமலையிலிருந்து வான் வண்டியில் படுத்துறங்கி மலைநாடு சுற்றப் போகிறவர்கள் என்னிடம் மெத்தையையும் கேஸ் அடுப்பையும் பற்றித்தான் கேட்பார்கள். இரவில் வானை எங்கே விடப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். மழை இரவு எப்படிக் கழியும் என்பது, பின்னேரம் நாலு மணிக்கு நிறுத்திய இடத்திலேயே முடிவாகிவிடும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஆகஸ்டில் நமக்குக் கச்சான் காற்றும் வெயிலும். அதே நாட்களில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைக்கு இறங்கினால் பெரும்பாலும் காய்ந்திருக்கும். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை நம்மையும் பதுளைச் சரிவையும் சேர்த்தே நனைக்கும். ஏப்ரலில் காலை வெளித்திருந்தாலும் பின்னேரம் இடிமழை வரும். எந்தப் பக்கம் பெய்கிறது என்று தெரிந்தால் மறுபக்கம் போகலாம், நனைந்துகொண்டு கிடக்கத் தேவையில்லை.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகே அந்தத் துண்டைக் கடவுங்கள். அப்புறம் கம்பளையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, மேலேயிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிக்காரரிடம் றம்பொடைப் பாதையை விசாரியுங்கள். அரை மணி நேரத்துக்கு முன் விழுந்த மண்ணைப் பற்றிப் போனிலுள்ள வரைபடத்துக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். அதனால் நீங்கள் நிற்பது கொத்மலையா வலப்பனையா என்று தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் என்றாலே நான் அதற்கு மேல் ஏறமாட்டேன். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கச் சொல்வார்கள். அதை நீங்களே அளக்கலாம். பக்கம் நேராக உள்ள சட்டியொன்றை வெட்டவெளியில் வையுங்கள். ஏழரை சென்ரிமீற்றருக்குத் தண்ணீர் நின்றால் அந்த அளவு வந்துவிட்டது.

சரி, நிறுத்தும் இடம். வெட்டிய மண்மேட்டின் அடியில் வேண்டாம். ஓடை, மதகு பக்கத்திலும் டர்பன்டைன் மரங்களின் கீழும் வேண்டாம். அருவி பார்த்தபடி தூங்க ஆசை வரும், மழை நாளில் அதை விட்டுவிடுங்கள். டவுனிலுள்ள பெற்றோல் செட், கோயில் மைதானம், சமதரையான பள்ளிக்கூட முற்றம் நல்லவை. தோட்டமென்றால் கோயில் தலைவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வானின் முகம் பாதையைப் பார்த்திருக்கட்டும். சில்லுக்குக் கல் அடை கொடுங்கள்.

கொத்மலைப் பக்கம் ஒரு பின்னேரம், நாங்கள் அடுப்பு மூட்டிய இடத்துக்குக் குடையோடு வந்த தோட்டத்து ஆச்சி ஓடையைக் காட்டி, “தண்ணி கலங்கிருச்சு தம்பி, இங்க நிக்காதீங்க” என்றார். காலையில் கல் தெரிய ஓடிய தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அப்படியே சாமானை ஏற்றிக் கோயிலடிக்குப் போனோம். ஓடை திடீரெனக் கலங்கினாலும் வற்றினாலும், நிலம் வெடித்தாலும், கம்பங்கள் சாய்ந்தாலும் உடனே இடம் மாறுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலில் இங்கே மூதூர், வெருகல் வெள்ளத்தில் கிடந்தபோது, மேலே மலை சரிந்து எத்தனையோ குடும்பங்களை மூடியது. அங்கேயே வாழ்கிறவர்கள் சொல்வதைத் தட்டாதீர்கள்.

குளிருக்காகக் கதவடைத்து உள்ளே அடுப்பு எரிக்கவே கூடாது, நச்சுவாயு வாசமில்லாமல் உயிரை எடுக்கும். வெளியே படங்கு கட்டிச் சமையுங்கள். தூங்கும்போதும் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

மழை விட்டதும் ஓடிவிடாதீர்கள். ஊறிய மண் பிறகும் சரியும். விடிந்து, இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கு அழைத்துப் பாதை திறந்ததை உறுதிசெய்த பிறகு இறங்குங்கள். இறக்கம் முழுக்க இரண்டாம் கியர். பிரேக் கருகும் வாசம் வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, அது நன்றாக ஆறும்வரை நில்லுங்கள்.